வாய்வாளாமை முதல் வாய்ப்பூட்டு வரை

மாலை ஆறு மணிக்கு நம் காலனித் தெருவில் ஒரு முறை நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு ஒரே கட்டளை ஒலிக்கும், மொழிதான் வேறு. வங்காளி அன்பர் வீட்டில் "சுப் கரோ" என்பார்கள். இந்தி பேசுவோர் வீட்டில் "சுப் ரஹோ" என்பார்கள். ஆந்திர நண்பர் வீட்டில் "ஊருகோ" என்னும் சொல் கேட்கும். நம் வீடுகளிலோ "பேசாமல் இரு", "சும்மா இரு", "வாயை மூடு", "மூச்சு விடாதே", "கம்மென்று கிட" என்று பல குரல் எழும். பிள்ளைகளின் சத்தத்தை அடக்கப் பெரியோர் போடும் சத்தமே அவ்வேளையில் பெரிய சத்தமாக இருக்கும்.

இவை யாவும் எளிய சொற்கள். எவரும் அகராதியைப் புரட்டிக் கற்றவை அல்ல; தாயின் இடுப்பில் இருந்தபோதே காதில் விழுந்தவை. ஆயினும் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு நிற்கிறது. தமிழர் தாமே விரும்பி ஏற்ற மௌனம் ஒன்று. அவர் மீது பிறர் சுமத்திய மௌனம் மற்றொன்று. இரண்டும் நம் அன்றாடப் பேச்சில் அருகருகே கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் புலவன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு நின்று, ரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதும் எழுத்தன். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

விடையாக நின்ற மௌனம்

பேசாதிருத்தலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் 'வாளா' என்பது. 'வாளா இருந்தான்' என்றால் ஒன்றும் சொல்லாமலும் செய்யாமலும் இருந்தான் என்பது பொருள். இதனோடு 'வாய்' சேர்ந்து 'வாய்வாளாமை' என்னும் அழகிய சொல் பிறந்தது. மணிமேகலைக் காப்பியத்தில் இச்சொல் ஓர் உயர்ந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது. காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கும்போது, வினாவுக்கு விடை கூறும் முறை நான்கு என்கிறார். துணிந்து சொல்லுதல் ஒன்று, வினாவைக் கூறுபடுத்தி மொழிதல் இரண்டு, வினாவையே திருப்பி வினாவுதல் மூன்று, வாய்வாளாமை நான்கு. வானத்தில் பூத்த பூ பழையதோ புதியதோ என்று ஒருவன் கேட்டால் என் செய்வது? வானத்தில் பூவே இல்லை. பழையது என்றாலும் பொய். புதியது என்றாலும் பொய். ஆதலால் பேசாதிருத்தலே அதற்குச் சரியான விடை.

ஈண்டு ஒன்று கருதத் தக்கது. மௌனம் என்பது விடை தெரியாதவனின் தலைகுனிவு அன்று. விடை வகைகளுள் அதுவும் ஒன்று. உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் மணிமேகலையை அச்சேற்றினார். அப்பதிப்பின் பயனாக இன்று நம் போன்றோரும் இவ்வுண்மையைப் படித்து மகிழ முடிகிறது.

திருவள்ளுவரும் இப்பொருளை ஆராய்ந்தே வைத்தார். புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்னும் அதிகாரங்களை அறத்துப்பாலில் அடுத்தடுத்து அமைத்தார். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்பவற்றைப் பொருட்பாலில் அமைத்தார். வீட்டிலும் தெருவிலும் நா அடங்க வேண்டும். அவையில் நா அஞ்சாது எழ வேண்டும் என்பது இவ்வமைப்பால் விளங்கும். அடக்கம் வேறு, அச்சம் வேறு. அடங்கியவனும் அஞ்சியவனும் வெளிப்பார்வைக்கு ஒரே தோற்றம் உடையவர்கள். இருவரும் வாய் திறவாதிருக்கிறார்கள். உள்ளத்தில் உள்ள வேறுபாடோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

சும்மா என்னும் சொல்லின் சுகம்

வடமொழியிலிருந்து வந்த மௌனம் தமிழில் 'மோனம்' என்றும் வழங்கியது. ஆயினும் தமிழ்ச் சான்றோர் தம் உள்ளத்தின் உச்சியைக் குறிக்க எடுத்தாண்டது ஒரு தெருச்சொல். அதுவே 'சும்மா'. அருணகிரிநாதரும் தாயுமானவரும் 'சும்மா இருத்தல்' என்பதனையே பெரும் பேறாகப் போற்றினர். தாயுமானவர் திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் கணக்கு அலுவல் பார்த்தவர் என்பர்; ஆதலால் என் போன்ற எழுத்தர்களுக்கு அவரிடம் ஒரு தனி உரிமை உண்டு! அவரை ஆட்கொண்ட குருவின் பெயரே மௌனகுரு. பிற்காலத்தில், 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பதினாறு வயதுச் சிறுவராகத் திருவண்ணாமலை வந்து சேர்ந்த இரமண மகரிஷி, நெடுநாள் பேசாதிருந்தே பிறரைத் தம்பால் ஈர்த்தார். 1950இல் அவர் மறையும் வரை அவருடைய மௌனமே பெரிய உபதேசம் என்று அடியார்கள் கருதினர்.

காந்தியடிகள் திங்கட்கிழமைதோறும் மௌன விரதம் காத்தார். அன்று சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். அவர் உயிர் நீத்த ஜனவரி 30ஆம் நாள் காலை 11 மணிக்கு, இன்றும் நம் அலுவலகங்களில் இரண்டு நிமிடம் எழுந்து நிற்கிறோம். இவ்வாறு இரண்டு நிமிடம் நிற்கும் வழக்கம், முதல் உலகப் போரில் மாண்டவர்களை நினைந்து 1919 நவம்பர் 11ஆம் நாள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் தொடங்கியது. அவர்கள் வழியாக வந்த வழக்கத்தை, அவர்களை எதிர்த்து நின்ற அண்ணலுக்கே நாம் உரிமையாக்கினோம்.

இனி, அந்தத் தெருச்சொல்லுக்குத் திரும்புவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, 'சும்மா' என்பதற்குப் பல பொருள்களை வகுத்துக் காட்டுகிறது. வேலையின்றி இருப்பவன் சும்மா இருக்கிறான். விலையின்றிக் கிடைப்பது சும்மா கிடைக்கிறது. விளையாட்டாகச் சொன்னது சும்மா சொன்னது. ஞானியும் சும்மா இருக்கிறார். சோம்பேறியும் சும்மா இருக்கிறான்! இச்சொல் தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. கன்னடத்தார் "சும்மனிரு" என்பர். மலையாளத்தார் "சும்மாதிரி" என்பர். உடன்பிறந்த மொழிகளின் பொதுச் சொத்து அது.

'பேசாமல்' என்னும் சொல்லும் இவ்வாறே வளர்ந்திருக்கிறது. "பேசாமல் ஊருக்குப் போய்விடலாம்" என்று ஒருவர் சொன்னால், வாய் பேசாமல் ரயிலில் உட்கார்ந்து போவதாகப் பொருள் இல்லை. வேறு வழி தேடாமல் அதைச் செய்வதே நலம் என்பது கருத்து. பேசாதிருத்தலே நல்வழி என்னும் பழைய எண்ணம், இச்சொல்லின் அடியில் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது போலும்.

கம்மென்பதும் கப்சிப்பும்

மக்கள் நாவில் பிறந்த ஒலிச்சொற்கள் வேறு சில உண்டு. 'கம்மென்று இரு' என்பது பேச்சில் 'கம்முனு இரு' என்றாகும். கன்னியாகுமரிப் பக்கத்தில் "மிண்டாமல் இரு" என்பர். மலையாளத்திலும் 'மிண்டாதே' என்றால் பேசாதே என்பதே பொருள். 1956 நவம்பர் முதல் நாள் வரை அப்பகுதி திருவிதாங்கூரை ஒட்டியே இருந்தமையால், இரு மொழியும் ஒரே முற்றத்தில் பழகின.

'கப்சிப்' என்பதை நம்மவர் பலர் தமிழ் என்றே கருதுவர். மராத்தியில் 'கப்' என்றாலே பேசாமல் என்பது பொருள். 'கப்சுப்' என்றும் சொல்வர். தெலுங்கிலும் இவ்வழக்கு உண்டு. இந்தியில் அது 'குப்சுப்'. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை மராத்திய அரசர் வீற்றிருந்தனர். படையும் பாட்டும் சமையலும் கலந்த அந்நாளில், சொல்லும் கை மாறியிருத்தல் இயல்பே.

ஒடிசாவுக்குச் சென்றவர்கள் மற்றொரு வேடிக்கையும் கண்டிருப்பீர்கள். அங்குப் பானிபூரிக்குப் பெயரே 'குப்சுப்' என்பதுதான். முழுதாக வாயில் போட்டுக்கொண்டவன் பேச முடியாது என்பதால் அப்பெயர் வந்தது என்பர். நம் ஊரிலோ, கேட்ட கேள்விக்கு விடை சொல்லாதவனைப் பார்த்து, "வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்கிறோம். ஊர் வேறு, பண்டம் வேறு, கருத்து ஒன்றே. "வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ?" என்றும் கேட்போம். 'கல்லுளிமங்கன்', 'ஊமைக்கோட்டான்', 'உம்மணாமூஞ்சி', 'அமுக்கன்' என்று பெயர் சூட்டவும் தயங்க மாட்டோம். பேசாதே என்று அதட்டும் அதே தமிழ், பேசாதவனைச் சும்மா விடுவதும் இல்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் இதற்கு மீண்டும் வருவேன்.

வாய் புதைத்து நின்ற காலம்

இதுவரை கண்டவை விரும்பி ஏற்ற மௌனமும் வீட்டுக்குள் வழங்கும் மௌனமும். இனிக் காணப்போவது கசப்பானது. 'வாயைப் பொத்து' என்னும் தொடரை நாம் இன்று பிள்ளைகளிடம் விளையாட்டாகச் சொல்கிறோம். ஒரு காலத்தில் அது தொடர் மட்டும் அன்று. உடலால் செய்து காட்ட வேண்டிய வழக்கம். மேல்துண்டை இடுப்பில் கட்டி, உடல் குனிந்து, கையால் வாய் பொத்தி, ஆண்டையின் முன் நின்றவர்கள் நம் நாட்டு உழவுத் தொழிலாளர்கள். தம் மூச்சுக் காற்றும் பெரியவர் மேல் படலாகாது என்பது அதன் உட்பொருள். 'எதிர்த்துப் பேசாதே' என்பதே அவர்களுக்கு விதித்த முதற் சட்டம்.

அந்தக் கை வாயைவிட்டு எளிதில் இறங்கவில்லை. 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கமும், 1940களில் தஞ்சைத் தரணியில் எழுந்த விவசாயிகள் இயக்கமும், தலை நிமிர்ந்து பேசக் கற்பித்தன. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் வாய் திறந்து கூலி உயர்வு கேட்டதற்குக் கொடுத்த விலை பெரிது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசையில் வெந்து மடிந்தன. அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். "வாயைப் பொத்து" என்று சொல்ல நா எழும்போதெல்லாம், அச்சொல் நடந்து வந்த வழியை நாம் ஒரு கணம் நினைத்தல் நன்று.

பெண்களுக்கு விதித்த மௌனம் மற்றொரு வகை. "மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்னும் பழமொழி பெண் பார்க்கும் கூடத்தில் எத்தனை முறை ஒலித்திருக்கும்! பெண்ணிடம் கேட்பதில்லை, கேட்டாலும் விடைக்குக் காத்திருப்பதில்லை, குனிந்த தலையையே சம்மதம் என்று கொண்டனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்ட மன்றத்தின் முதற் பெண் உறுப்பினராக அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்க வாதாடினார். அதற்குரிய சட்டம் 1947இல் நிறைவேறிற்று. ஒரு பெண் வாய் திறந்ததற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடின.

தாய்மொழிக்கு இட்ட பூட்டு

வாய்க்குக் கை போதாதபோது பூட்டு வந்தது. 1878 மார்ச் 14ஆம் நாள், வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசு ஒரே அமர்வில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம் என்பது அதன் பெயர். வாய்ப்பூட்டுச் சட்டம் என்பது மக்கள் மொழி. அரசுக்கு எதிராக எழுதமாட்டோம் என்று அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் உறுதிப் பத்திரம் வாங்கலாம், பிணைத்தொகை கேட்கலாம், மீறினால் அச்சுப்பொறியையே பறிமுதல் செய்யலாம். நீதிமன்றத்தில் முறையிடவும் வழி இல்லை.

இச்சட்டத்தின் கூர்மையை நன்கு நோக்குங்கள். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அப்பூட்டு இல்லை. நாட்டு மக்கள் தத்தம் தாய்மொழியில் எழுதுவதற்கு மட்டுமே பூட்டு! வங்கத்தில் சிசிர் குமார் கோஷ் நடத்திய அம்ரித பஜார் பத்திரிகா, 1868இல் வங்கமொழியில் தோன்றிய ஏடு. சட்டம் வந்தவுடன் அடுத்த இதழை முழுவதும் ஆங்கிலத்தில் வெளியிட்டுச் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பியது. அது சாதுரியம் என்று நாம் பாராட்டுகிறோம், பாராட்டத் தக்கதே. ஆயினும் உயிர் பிழைப்பதற்காக ஓர் ஏடு தன் தாய்மொழியை விட்டு நீங்க நேர்ந்தது என்பதையும் மறக்கலாகாது.

ரிப்பன் பிரபு 1882இல் அச்சட்டத்தை நீக்கினார். அதே ஆண்டில் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1908இல் அவரையும் அரசு கைது செய்தது. அவ்வாண்டிலேயே பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். 'இந்தியா' ஏடும் அங்கிருந்தே வெளிவந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் பூட்டு ஒரு முறை திரும்பியது. 1975 ஜூன் 25ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவித்தபோது, பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. சில நாளேடுகள் தலையங்கம் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சிட்டன. எழுதாத அந்த வெற்றிடத்தை மக்கள் நன்றாகப் படித்தனர். அறவண அடிகள் சொன்ன நான்காம் விடை அதுவே அன்றோ!

நம் வீட்டுப் பூட்டு

வரலாறு இவ்வளவில் நிற்க. இதனை எழுதத் தூண்டிய செய்தி என் வீட்டில் நிகழ்ந்தது; அதைச் சொல்ல எனக்குச் சிறிது நாணமாகவும் இருக்கிறது.

சென்ற பொங்கலன்று ஊரிலிருந்து என் அன்னையார் கைப்பேசியில் அழைத்தார். பேத்தியோடு பேச விரும்பினார். "கண்ணு, பொங்கல் சாப்பிட்டியா? என்ன புதுத்துணி எடுத்தே?" என்று கேட்டார். என் மகளுக்குப் பொருள் விளங்கியது என்பதை அவள் கண்கள் காட்டின. ஆயினும் "ம்" என்றாள், சிரித்தாள், கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டாள். "ஏன்டா தம்பி, பிள்ளை பேசவே மாட்டேங்குதே? வாயில கொழுக்கட்டையா?" என்று அன்னையாரும் சிரித்தார். சிரிப்பின் முடிவில் அவர் குரல் தழுதழுத்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எழுத்தன் அல்லவா? கணக்குப் பார்த்தேன். அன்று காலை முதல் இரவு வரை நான் என் மகளிடம் தமிழில் பேசியவை எவை என்று ஒரு தாளில் எழுதினேன். எழுந்திரு, பல் துலக்கு, சீக்கிரம் சாப்பிடு, அதைத் தொடாதே, சத்தம் போடாதே, பேசாமல் படி, போய்ப் படு. அவ்வளவே. அத்தனையும் ஏவல். ஏவலுக்கு விடை வேண்டுவதில்லை, கீழ்ப்படிந்தால் போதும். வினாக்களை யார் கேட்கிறார்கள்? பள்ளியில் ஆசிரியை கேட்கிறார், ஆங்கிலத்தில். தெருவில் தோழிகள் கேட்கிறார்கள், இந்தியில். ஆதலால் அம்மொழிகளில் அவள் நா துள்ளுகிறது. தமிழில் அவளிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. ஆகவே தமிழில் அவளுக்கு விடையும் இல்லை.

லிட்டன் பிரபு தாய்மொழிக்கு மட்டும் பூட்டு இட்டார் என்று நாம் சினக்கிறோம். அதே பூட்டை நான் என் வீட்டில், அன்பு என்று எண்ணிக்கொண்டே இட்டுவிட்டேன். ஏவல் மட்டும் பேசும் மொழி, வீட்டில் காவற்காரனாக நிற்குமே ஒழியத் தாயாக நிற்காது. குழந்தைகள் காவற்காரனோடு உரையாடுவதில்லை.

அன்பர்களே! இது என் ஒரு வீட்டுக் கதை அன்று என்பதை நீங்களும் அறிவீர்கள். சங்கம் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறது, நன்று. எழுத்தும் சொல்லும் அங்கு வரும். பேச்சு வர வேண்டிய இடம் வீட்டுக் கூடம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. நாள்தோறும் பிள்ளையிடம் தமிழில் ஒரு கேள்வி கேளுங்கள். ஏவல் அன்று, கேள்வி. "இன்று பள்ளியில் யார் சிரித்தார்கள்? எதற்காக?" என்று கேளுங்கள். கேட்டபின் விடைக்குக் காத்திருங்கள். பாதித் தமிழும் பாதி இந்தியுமாக வந்தாலும் திருத்த விரைய வேண்டா. திக்கினாலும் நகைக்க வேண்டா. வாய் பொத்தி நின்ற தலைமுறைகளுக்குப் பின் வந்த வாய் அது, தன்போக்கில் திறக்கட்டும்.

நான் தொடங்கி ஐந்து திங்கள் ஆயின. சென்ற வாரம் அன்னையார் மீண்டும் அழைத்தார். என் மகள் தானே கைப்பேசியை எடுத்து, "ஆச்சி, இங்கே மழை. நான் நனைஞ்சேன்" என்றாள். அவ்வளவே; நான்கைந்து சொற்கள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. எந்நாளும் ஓயாது பேசும் என் அன்னையார் அன்று வாய்வாளாதிருந்தார். அம்மௌனத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!